பெற்றோரின் முதுமை: கையொப்பம் இடும் ஆற்றல் உள்ளபோதே

மைசூரு யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு 2016ஆம் ஆண்டு முதல் நினைவு இல்லமாகத் திறந்திருக்கிறது. அங்குச் செல்வோர் அவருடைய மால்குடியைப் பற்றிப் பேசிக்கொள்வர். வங்கிப் பணியில் உள்ள எங்களுக்கு அவ்வில்லம் வேறொன்றையும் நினைவூட்டுகிறது. 1990இல் ஒரு நாவலை எழுதி முடித்த சிறிது காலத்தில் நாராயண் நோயுற்றார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த மைசூருவை விட்டு, மகளின் குடும்பத்திற்கு அருகில் இருப்பதற்காகச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் 1994இல் அந்த மகளே புற்றுநோயால் காலமானார். அதன்பின் தாத்தாவைக் கவனிக்கும் பொறுப்பும், 1942இல் அவர் நிறுவிய இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ் பதிப்பகத்தை நடத்தும் பொறுப்பும் பேத்தியிடம் வந்தன. நாராயண் 2001 மே மாதம் தமது 94ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். யாதவகிரி வீடு 2011இல் இடிபடும் நிலைக்கு வந்து, பொதுமக்களின் எதிர்ப்பால் தப்பியது.

முதியவரைக் கவனிக்கும் ஏற்பாடு ஒரே ஒருவரை நம்பியிருக்கும்போது, அந்த ஒருவர் முதலில் சாய்ந்துவிடுவதும் உண்டு. அக்குடும்பத்தில் அடுத்த தலைமுறை தோள் கொடுத்தது. நம் வீட்டில் அந்த இரண்டாவது தோள் யாருடையது என்று கேட்டால் பலரிடம் விடை இருப்பதில்லை. இதனோடு இணைந்த வேறொரு கேள்வியும் இருக்கிறது. பெற்றோர் படுக்கையில் விழுந்தால், அவர்களுடைய செலவை அவர்கள் சேமித்த பணத்திலிருந்தே செய்ய நமக்குச் சட்டப்படியான வழி உண்டா? இதற்கு விடை தேடி மக்கள் வந்து நிற்கும் இடம் எங்கள் கவுண்டர் என்பதால், இக்கட்டுரையில் இதைப் பற்றியே மிகுதியாகப் பேச விரும்புகிறோம்.

எங்கள் கிளை மைசூருவின் குடியிருப்புப் பகுதி ஒன்றில் உள்ளது. காலையில் கதவு திறந்ததும் நுழைபவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ, சென்னையிலோ, கடல் கடந்தோ இருக்கிறார்கள். “எங்களோடு வந்துவிடுங்கள்” என்று அழைக்காத பிள்ளைகள் குறைவு. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடையையும் முப்பது ஆண்டுக்கால அண்டை வீட்டாரையும் விட்டுவிட்டு, அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் தளத்தில் போய் அமர மனம் ஒப்பாத பெற்றோரே மிகுதி. இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நாங்கள் முன்வரமாட்டோம். முடிவு எடுக்கப்படாமல் தள்ளிப்போவதன் விளைவை மட்டும் அருகிலிருந்து காண்கிறோம்.

இரண்டு நிகழ்வுகளைக் கூறுகிறோம். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்தவர், பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை அவருடைய மகன் நிரந்தர வைப்புச் சான்றிதழ்களுடன் கிளைக்கு வந்தார். வைப்புகள் அனைத்தும் தந்தையின் பெயரில் மட்டுமே இருந்தன. “நான்தானே சார் நாமினி? முறித்துக் கொடுங்கள்; மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டும்” என்றார். இயலாது என்று சொல்ல வேண்டிய நிலை எங்களுக்கு. அவர் முகம் வாடியதை இன்றும் மறக்கவில்லை.

நியமனம் என்பது கணக்கு வைத்திருப்பவரின் மறைவுக்குப் பின்னரே செயற்படுவது. அவர் உயிருடன் இருக்கும்வரை நியமனதாரருக்கு அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் எடுக்கவும் அதிகாரம் இல்லை. மறைவுக்குப் பின்னும் அவர் பணத்திற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளின் சார்பில் பெற்றுக்கொள்பவர் மட்டுமே என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. படித்தவர்களிடமும் பரவலாக உள்ள தவறான எண்ணம் இது. எங்கள் சக ஊழியர்களின் குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம்.

நல்வாய்ப்பாக, ஆசிரியருக்கு வலக்கையும் பேச்சும்தான் பாதிக்கப்பட்டிருந்தன. நினைவு தெளிவாக இருந்தது. இத்தகைய நிலைக்கென்று ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறை உண்டு. கையொப்பமிட இயலாதவர் கைப்பெருவிரல் ரேகையையோ, அதுவும் இயலாதெனில் கால்விரல் ரேகையையோ பதிக்கலாம். வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் அதனை உறுதிசெய்ய வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரேகையும் இயலாதவர் ஏதேனும் ஒரு குறி இட்டாலும் போதும். சாட்சிகள் அவ்வாறே தேவை. பணத்தை யார் பெற்றுக்கொள்வார் என்பதையும் அவரே சுட்டிக்காட்ட வேண்டும். அன்று மாலையே எங்கள் அலுவலர் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றார். அவர் ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க, ஆசிரியர் தலையசைத்து இசைவு தெரிவித்து, இடக்கைப் பெருவிரலைப் பதித்தார். மறுநாள் பணம் சென்றது.

இரண்டாவது நிகழ்வு இவ்வாறு முடியவில்லை. எழுபத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மையாருக்கு மறதிநோய். மகளின் பெயருக்கு அதிகாரப் பத்திரம், அதாவது பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்திருந்தார். அது இருக்கிறது என்ற நிம்மதியில் குடும்பம் வேறு எதுவும் செய்யவில்லை. நோய் முற்றியபின் மகள் அப்பத்திரத்துடன் வந்தார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் சித்தத் தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வந்துவிடும். நோய் வந்தாலும் தொடரும் வகையிலான அதிகாரப் பத்திரம் சில வெளிநாடுகளில் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. எங்கள் அலுவலர் வீட்டிற்குச் சென்றார். அம்மையார் அன்புடன் வரவேற்று, காபி கொடுக்கச் சொன்னார். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பது அவருக்குப் புரியவில்லை. அந்நிலையில் பெருவிரல் ரேகையைப் பெறுவது முறையாகாது. அது அவருடைய விருப்பத்தின் அடையாளம் ஆகாது. நீதிமன்றத்தை அணுகிப் பாதுகாவலர் நியமன ஆணை பெறுவதே எஞ்சிய வழியாக இருந்தது. தாயின் பெயரில் இலட்சக்கணக்கில் வைப்பு இருக்க, மகளும் மருமகனும் கடன் வாங்கிச் செவிலியருக்குச் சம்பளம் கொடுத்தனர்.

இரு குடும்பங்களுக்கும் அன்பில் குறைவில்லை. வங்கிக்குத் தேவைப்படுவது வாடிக்கையாளரின் சொந்த விருப்பம். அதனை வெளிப்படுத்தும் ஆற்றல் ஒருவரிடம் எஞ்சியிருந்தது, மற்றவரிடம் இல்லை. வங்கியின் இந்தக் கண்டிப்பு பல நேரங்களில் கல்நெஞ்சமாகத் தோன்றும். தாயின் ரேகையைத் தூக்கத்தில் பதித்துக்கொண்டு வரும் பிள்ளைகளும் உலகில் உண்டு என்பதால்தான் அது இருக்கிறது.

கணக்கை எப்படி அமைப்பது?

கூட்டுக் கணக்கு என்றதும் எல்லாம் தீர்ந்தது என நினைக்க வேண்டா. அதன் செயற்பாட்டு விதி என்ன என்பதே முக்கியம். ‘எய்தர் ஆர் சர்வைவர்’, அதாவது ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற விதியின்கீழ் உள்ள சேமிப்புக் கணக்கை இருவரில் எவரும் தனித்து இயக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ எனில், முதலாமவர் உயிருடன் உள்ளவரை அவர் மட்டுமே இயக்கலாம். அவர் நினைவிழந்து படுத்திருந்தாலும் இரண்டாமவருக்கு வழியில்லை. நிரந்தர வைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ‘இருவரில் ஒருவர்’ என்று இருந்தாலும், முதிர்வு நாளில் ஒருவரே பெறலாமே தவிர, முதிர்வுக்கு முன் முறிப்பதற்கு இருவரின் கையொப்பமும் தேவை. ஐந்தாண்டு வைப்பின் இரண்டாம் ஆண்டில் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், கூட்டாளியான தாய் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, எல்லாப் பணத்தையும் நீண்ட கால வைப்பாக ஒரே சான்றிதழில் முடக்காமல், சிறு சிறு வைப்புகளாக வெவ்வேறு மாதங்களில் முதிருமாறு பிரித்து வைப்பது நன்று.

பெற்றோரின் முழுச் சேமிப்பையும் ஒரு பிள்ளையுடன் கூட்டாக்கிவிடும்படி நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உடன்பிறந்தார் மனத்தாங்கலுக்கு அதைவிட எளிய தொடக்கம் வேறில்லை. ஆறு மாதச் செலவுக்குப் போதுமான தொகையை மட்டும் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்து, அருகிலிருந்து கவனிக்கும் பிள்ளையை ‘இருவரில் ஒருவர்’ என்ற விதியில் சேர்க்கலாம். மருந்து, செவிலியர், மின்கட்டணம் என எல்லாச் செலவும் அதிலிருந்தே செல்லட்டும். மாதாந்திரக் கணக்கு விவரத்தை மற்றப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். எஞ்சிய சேமிப்பு பெற்றோரின் பெயரிலேயே இருந்து, வட்டி மட்டும் இக்கணக்கிற்கு வந்து சேருமாறு நிலையான உத்தரவு கொடுக்கலாம். பெற்றோர் பின்னர் நினைவிழந்தாலும் வட்டி வருவது நிற்காது. இரண்டாவது நிகழ்வில் இந்த ஒரு படிவம் இருந்திருந்தால் கடன் தேவைப்பட்டிருக்காது.

நியமனத்திலும் அண்மையில் நல்ல மாற்றம் வந்துள்ளது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று பிரித்தும் கொடுக்கலாம். ஒருவருக்குப் பின் ஒருவர் என வரிசைப்படுத்தியும் கொடுக்கலாம். பெட்டகத்திற்கு வரிசை முறை மட்டுமே உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நியமனம், மறைந்துவிட்ட மனைவியின் பெயரிலேயே இன்றும் இருப்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

மாதம் எவ்வளவு வேண்டும்?

வீட்டிலேயே உதவியாளர் அமர்த்துவதா, முதியோர் இல்லமா, பிள்ளையுடன் செல்வதா என்ற விவாதம் பெரும்பாலும் மனவருத்தத்தில் தொடங்கி மனவருத்தத்தில் முடிகிறது. எண்களை முன்வைத்தால் பேச்சு சற்றுத் தணிகிறது. எடுத்துக்காட்டாக, பகல்நேர உதவியாளருக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 27,000. உணவு, மருந்து, வீட்டுச் செலவு சேர்ந்தால் இத்தொகை மேலும் உயரும். இன்று மாதம் 30,000 ஆகும் செலவு, ஆண்டுக்கு 7 விழுக்காடு உயர்ந்தால், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 59,000 ஆகிவிடும்.

வரவுப் பக்கத்தில், 60 வயது நிறைந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 இலட்சம் வரை முதலீடு செய்யலாம். இந்த உச்சவரம்பும் 8.2 விழுக்காடு வட்டியும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அவ்வீதத்தில் 30 இலட்சத்திற்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்திற்கு 20,500 ரூபாய் கிடைக்கும். இத்திட்டத்தில் கூட்டாக வாழ்க்கைத்துணையை மட்டுமே சேர்க்கலாம், பிள்ளைகளைச் சேர்க்க இயலாது. ஓய்வூதியமும் இந்த வட்டியும் செலவைத் தாங்குமா, தாங்காவிடில் மீதியை யார் எந்த விகிதத்தில் தருவது என்பதைப் பிள்ளைகள் பெற்றோரின் முன்னிலையில் பேசி ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணக் கணக்கைப் பேசும் குடும்பங்கள் உழைப்புக் கணக்கைப் பேசுவதில்லை. வெளிநாட்டு மகன் பணம் அனுப்புகிறார். சென்னை மகள் நாள்தோறும் தொலைபேசியில் விசாரிக்கிறார். இரவில் மூன்று முறை எழுந்து மாமியாரைக் கழிவறைக்கு அழைத்துச் செல்பவர் மருமகள். அந்தத் தாளில் அவருடைய பங்கும் எழுதப்பட வேண்டும். ஆண்டில் சில வாரங்களேனும் அவருக்கு மாற்று ஆள் யார் என்பதும் எழுதப்பட வேண்டும். முன்னர் கேட்ட இரண்டாவது தோள் என்ற கேள்விக்கு விடை இங்கிருந்துதான் தொடங்கும்.

முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுப்போர் ஒப்பந்தத்தில் மூன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும்: முன்பணம் எந்நிலையில் திரும்ப வரும், கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், படுத்த படுக்கையாகிவிட்டால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா அல்லது வேறிடம் தேடச் சொல்வார்களா. மூன்றாவதைக் கேட்காமல் கையொப்பமிட்டவர்கள், மிகவும் தளர்ந்த நிலையில் பெற்றோரை மீண்டும் இடம் மாற்ற நேர்ந்திருக்கிறது.

மறதிநோய் என்று முடிவு கட்டுமுன் செவித்திறனைச் சோதித்துக்கொள்வதும் நன்று. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லும் தந்தைக்குக் காதுதான் கேட்கவில்லையோ, யாரறிவார்? மைசூரு மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் செவித்திறன் சோதனைக்கும், பக்கவாதத்தால் பேச்சிழந்தோருக்கான பயிற்சிக்கும் நாடறிந்த இடம். பிற மாநிலத்தவர் தேடிவரும் நிறுவனத்தை உள்ளூரார் மறந்துவிடுகிறோம்.

வீட்டை எழுதிக் கொடுக்குமுன்

“கடைசிவரை பார்த்துக்கொள்வான்” என்ற நம்பிக்கையில் வீட்டை ஒரு பிள்ளைக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பெற்றோர் இன்றும் உளர். தானப் பத்திரம் பதிவானதும் உரிமை கைமாறிவிடும். உயிலோ மறைவுக்குப் பின்னரே செயற்படும். இருக்கும்வரை மாற்றி எழுதலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு அளிக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அப்பரிமாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். ‘நிபந்தனையுடன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் அத்தகைய நிபந்தனை இல்லாததால் தாய் தோற்றார். 2025 சனவரியில் தீர்ந்த மற்றொரு வழக்கில், பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழி இருந்தது. சட்டத்தின் நோக்கத்தை விரிவாகப் பொருள்கொண்ட நீதிமன்றம் பத்திரத்தை நீக்கி, வீட்டைத் தாயிடம் திருப்பித் தர ஆணையிட்டது. ஆகவே, எழுதிக் கொடுத்தே தீர வேண்டுமெனில் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஆயுள் முழுதும் அவ்வீட்டில் வசிக்கும் உரிமையையும் தக்கவைத்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தின்கீழ், பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத் தரவும் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. அதுவரை செல்ல விரும்பாதோர், முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். வீடு மட்டும் இருந்து வருமானம் இல்லாதவர்களுக்கு, 2007 முதல் நடைமுறையில் உள்ள தலைகீழ் அடமானக் கடன் என்றொரு வழியும் இருக்கிறது. வீட்டில் குடியிருந்துகொண்டே வங்கியிடமிருந்து தவணையாகத் தொகை பெறலாம். பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுச்செல்ல வேண்டும் என்ற எண்ணத்தால் இதனை நாடுவோர் மிகச் சிலரே.

மருத்துவம் பற்றிய இறுதிக்கால விருப்பத்தை எழுதிவைப்பது வங்கியின் எல்லைக்கு வெளியே உள்ளது. எனினும் கையொப்பம் பற்றிய கட்டுரையில் அதை விடுவதற்கில்லை. மீள வழியில்லாத நிலையில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டுமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 சனவரியில் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றும் போதும். கர்நாடக அரசு 2025 சனவரி 30 அன்று இதனைச் செயற்படுத்த ஆணை பிறப்பித்தது. பிள்ளைகள் இப்பேச்சைத் தொடங்கக் கூசுவர். பெற்றோரே தொடங்கினால் எளிது.

கிளைக்கு வர இயலாத பெற்றோருக்காகச் சில வசதிகள் உண்டு. 70 வயதைக் கடந்தோருக்கும் உடல்நலம் குன்றியோருக்கும் வீட்டுக்கே வரும் வங்கிச் சேவையை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளை அறிவுறுத்தியது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்றைக் கைப்பேசியில் முக அடையாளம் மூலமே அளிக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் அளிக்க வேண்டிய இச்சான்றை, 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். கை நடுக்கத்தால் கையொப்பம் மாறிவிட்டால், காசோலை திரும்பிவரும்வரை காத்திராமல் புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

மருத்துவமனையில் ரேகை பதித்த ஆசிரியர் நான்கு மாதங்களுக்குப் பின் ஊன்றுகோலுடன் கிளைக்கு வந்தார். மகனும், வெளியூரிலிருந்து மகளும் உடன் வந்திருந்தனர். பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சிறு நோட்டுப் புத்தகத்தில் இடக்கையால் எழுதிக் காட்டினார். வைப்புகளை நான்காகப் பிரித்தார். செலவுக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி மகனைச் சேர்த்தார். நியமனத்தில் இருவர் பெயரையும் சரிபாதியாக எழுதச் செய்தார். புதிய மாதிரிக் கையொப்ப அட்டையில் இடக்கையால் மூன்று முறை கையொப்பமிட்டார். மூன்றும் ஒன்றுபோல் இல்லை. சிரித்துக்கொண்டே இன்னோர் அட்டை கேட்டார்.